காயாத நெற்றி

போன மாதம் தில்லை நகர் ஹோட்டலில் நம் பத்தாம் வகுப்புக் கூட்டம் கூடியதே, ஞாபகம் இருக்கிறதா? சாப்பாடு முடிந்து ஆளாளுக்கு மாத்திரை டப்பாவைத் திறந்துகொண்டிருந்த நேரம். உங்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீ என்னமா படம் போடுவே, ஏண்டி விட்டுட்டே?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். கல்யாணம், பிள்ளைகள், ஆபீஸ், முழங்கால் வலி என்று விரல் விட்டு எண்ணினேன். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். ஏனென்றால் எல்லாருக்கும் முழங்கால் வலி.

அத்தனையும் பொய். நான் படம் போடுவதை விட்டது பதினைந்து வயதில், ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணி வாக்கில். முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்கு உங்கள் எல்லார் முன்னாலும் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படியுங்கள்.

என் அப்பாவை உங்களுக்குத் தெரியும். வெயிலானாலும் மழையானாலும் பள்ளிக்கூட வாசலில் கறுப்புக் குடையோடு நிற்பாரே, அவர்தான். "குடை வந்தாச்சு" என்று என்னைக் கிண்டல் செய்வீர்கள். கன்டோன்மென்டில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வக்கீலிடம் அவர் குமாஸ்தா. "வக்கீல் சார் சொன்னார்" என்று அவர் ஆரம்பித்துவிட்டால், ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் இருந்த எங்கள் வாடகை வீட்டில் அதற்கு மேல் பேச்சே கிடையாது. கத்திரிக்காய் உடம்புக்கு ஆகுமா ஆகாதா என்பதைக்கூட வக்கீல் சார்தான் தீர்மானித்தார்.

அப்பா என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. பாராட்டியதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய படத்தை ஒருமுறை ஓடிப்போய் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "சாயம் தரையில படாம பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான். அடுத்த படத்துக்காவது ஏதாவது சொல்லுவார் என்று நான் அடுத்ததைப் போடுவேன். அப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது.

ஊருக்குள் வெள்ளம் வந்த வருஷம் நினைவிருக்கிறது அல்லவா? நமக்குப் பள்ளிக்கூடம் பல நாள் திறக்கவில்லை என்று குதித்தோம். அந்த வெள்ளத்தில்தான் உறையூரில் இருந்த ஜமீன் அம்மாவின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. ஜமீன் என்று பெயர்தான். நிலமெல்லாம் போய், மிச்சம் இருந்த கொஞ்சத்துக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் எங்கள் வக்கீல். அந்த அம்மாவுக்கு அப்போது அறுபது வயது இருக்கும், தனியாக இருந்தார். அவர் வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே பெரிய சொத்து ஓர் எண்ணெய் வர்ணப் படம். அவர்கள் வம்சத்தில் ஒரு காலத்தில் சின்னப் பாளையம் ஒன்றை ஆண்ட ராணி. ஊர் சுற்றி வந்த ஒரு வெள்ளைக்காரன் நேரில் பார்த்துத் தீட்டியதாம். தண்ணீர் படத்தின் கீழ் மூலையைத் தொட்டுவிட்டது. வீட்டைச் சரி பண்ணும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று வக்கீல் வீட்டு மாடிக்கு அதை அனுப்பினார். குதிரை வண்டியில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தவர் என் அப்பா.

பத்தாவது பரீட்சை முடிந்த வாரம் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பாப்பா, வக்கீல் சார் சொன்னார். அந்த ராணி படம் அவருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சாம். ஜமீன் அம்மா கேட்டா திருப்பிக் குடுத்துடணும். அதனால தனக்குன்னு ஒரு நகல் வேணும்ங்கிறார். நீ போட்டுத் தரியா?"

"ஆயில் பெயின்ட்டாப்பா? நான் தொட்டதே இல்லையே."

"கத்துக்கோ. சாமானெல்லாம் மெட்ராஸ்லேருந்து வரவழைக்கிறார். நல்லா வந்துச்சுன்னா கும்பகோணத்துல படம் போடறதுக்குன்னே காலேஜ் இருக்கில்ல, அதுல சேத்துவிடறேன்னிருக்கார்."

கும்பகோணத்தில் அப்படி ஒரு காலேஜ் இருப்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அப்பாவுக்கும் தெரியும் என்பதுதான் புதிது.

அந்தக் கோடை முழுக்க, தினமும் காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அப்பாவோடு போனேன். வக்கீல் வீட்டில் கீழே ஆபீஸ், மாடியில் வடக்குப் பார்த்த ஓர் அறை. சட்டப் புத்தகங்களின் பழைய தாள் வாசனை, ஜன்னலில் வேப்பமரம், பரணில் புறாக்கள். சுவரில் ராணி. வலது கை ஒரு கட்டாரியின் பிடியில், இடது கையில் எலுமிச்சம்பழம். பச்சைச் சேலை. மூக்கில் புல்லாக்கு, அதன் நிழல் மேலுதட்டில் ஒரு கடுகளவு. நம்மைப் பார்க்க மாட்டாள். நமக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பாள். முதல் நாள் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன். சின்னக்கடை வீதியில் சாமி படங்களுக்குப் பிரேம் போடுகிறவர்தான் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வஜ்ஜிரப் பசை தடவி, வெள்ளை பூசிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "மொதப் பூச்சுல டர்பன்டைன் கூட இருக்கணும், கடைசிப் பூச்சுல எண்ணெய் கூட இருக்கணும். மாத்திப் பண்ணா வெடிச்சுப்போகும். வேற ஒண்ணும் ரகசியம் இல்லம்மா" என்றார். எனக்குக் கிடைத்த பாடம் அந்த இரண்டு வாக்கியம்.

ராணியின் பிரேமில் ஆணிக்கு ஆணி நூல் கட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். என் துணியிலும் அதே கட்டங்கள். ஒரு கட்டத்தில் இருப்பதை இன்னொரு கட்டத்துக்குக் கொண்டுபோவது, அவ்வளவுதான் வேலை. ஆனால் முதல் முறை எல்லாக் கட்டமும் சரியாக இருந்தும் முகம் மட்டும் எங்கள் தெருப் பால்காரர் சேலை கட்டியது போல வந்தது. துடைத்தேன். இரண்டாம் முறை பால்காரரின் தம்பி வந்தார். அதையும் துடைத்தேன்.

தோலின் நிறம்தான் என்னைப் படுத்தியது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று எதைக் கலந்தாலும் செங்கல்லாக வந்தது. ஒருநாள் வீட்டில் அம்மா அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் அவர் முழங்கையின் உள்பக்கத்தில் விழுந்தது. அங்கே பச்சை இருந்தது. உண்மையாகவே பச்சை. நான் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க, "என்னடி, சிரங்கா?" என்று அவர் பயந்துபோனார். மறுநாள் நிறத்தில் துளி பச்சை சேர்த்தேன். ராணிக்கு உயிர் வந்தது. என் வாழ்க்கையில் அதைப் போன்ற சந்தோஷம் அப்புறம் இரண்டு தடவைதான் வந்திருக்கிறது. இரண்டும் பிரசவ ஆஸ்பத்திரியில்.

சாயங்காலம் அப்பா மாடிக்கு வருவார். குடையைக் கதவில் மாட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். ஏதாவது ஒரு செய்தி கொண்டுவருவார்.

"வக்கீல் சார் சொன்னார், கீழ அந்தத் தண்ணிக் கறை இருக்கில்ல, அதையும் போடணுமாம்."

"அது கறைப்பா. படத்துல உள்ளது இல்ல."

"இருக்கறத இருக்கறபடி போடணுமாம்."

போட்டேன். அடுத்த வாரம், கழுத்துப் பக்கம் இருக்கும் விரிசல்களையும் போட வேண்டும் என்று வந்தது. பிரஷ்ஷின் மயிரைப் பிளேடால் கழித்து நாலைந்து இழை மட்டும் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரிசலாக இழுத்தேன். பெரிய பயிற்சி என்று நினைத்தேன். இவ்வளவு கண்டிப்பான மனிதர் கும்பகோணத்தில் நம்மைப் பற்றி நல்லபடியாகச் சொல்லுவார் என்று நம்பினேன். கீழே, கறைக்குள் தெரிந்தும் தெரியாமலும், என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வைத்தேன். அதையும் அப்பா கண்டுபிடித்தார். "நகல்ல பேர் போடக் கூடாதாம். அழிச்சுடு" என்றார். அழித்தேன்.

கஷ்டமானது நெற்றி. அந்தக் குடும்பத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ராணிக்குக் குங்குமம் வைப்பார்கள். நம் வீட்டுச் சாமி படம் என்றால் கண்ணாடி மேல் வைப்போம். ராணி படத்துக்குக் கண்ணாடி கிடையாது; வர்ணத்தின் மேலேயே விரல். நூறு வருஷத்துக்கு மேல் எத்தனையோ பெண்களின் மோதிர விரல் பட்டுப் பட்டு, நெற்றி நடுவில் ஒரு நாலணாக் காசு அளவுக்கு வர்ணம் தேய்ந்து, கறுத்துச் சிவந்த ஒரு வட்டம் விழுந்திருந்தது. அந்தத் தேய்மானத்தையும் நான் வர்ணத்தால் செய்தாக வேண்டும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் புறா ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வந்து, வெளியே போக வழி தெரியாமல் படபடத்து, ஆளிவிதை எண்ணெய்ப் பாட்டிலைத் தட்டிவிட்டது. மெட்ராஸிலிருந்து வந்த பாட்டில். எண்ணெய் முழுக்கத் தரைக்குப் போனது. சொன்னால் அப்பாவுக்குத் தலைகுனிவு, எனக்குக் கும்பகோணம் போச்சு. தரையைப் பழைய துணியால் துடைத்துவிட்டு, காலிப் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதேன்.

அம்மா பாட்டிலின் அடியில் இருந்த துளியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுக்கா அழறே? வெளுப்பா, கெட்டியா, நம்ம வௌக்கெண்ணெய் மாதிரிதானே இருக்கு. எண்ணெய்க்கு எண்ணெய்" என்று சொல்லி, சமையலறை அலமாரியிலிருந்து விளக்கெண்ணெயை ஊற்றி நிரப்பிக் கொடுத்தார். வயிற்றுக்கும் கண்ணுக்கும் தலைக்கும் நல்லது செய்கிற எண்ணெய் ராணியை மட்டும் என்ன செய்துவிடும்? எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

முகத்தின் கடைசிப் பூச்சு அந்த எண்ணெயில்தான் போட்டேன். நெற்றி வட்டத்துக்கு இன்னும் தாராளமாகவே விட்டேன். என்ன பளபளப்பு என்கிறீர்கள். ராணி அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் போல இருந்தாள்.

வக்கீல் மாடிக்கு வந்து பார்த்தார். இரண்டு படத்துக்கும் நடுவில் நின்றார். பிறகு அப்பாவிடம், "ஒரிஜினல் எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். வெட்கம்தான், ஆனால் நான் நினைத்த வெட்கம் இல்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. கும்பகோணத்தைப் பற்றிக் கேட்டால், ஆடி போகட்டும் என்றார் அப்பா. ஒரு சனிக்கிழமை அவரோடு ஆபீசுக்குப் போனபோது ஆசையாக மாடி ஏறி என் ராணியைப் பார்த்தேன். காது ஓரத்தில் லேசாக விரலை வைத்தேன். பிசுக்கென்று ஒட்டியது. முடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சேலை காய்ந்திருந்தது, கை காய்ந்திருந்தது, முகம் மட்டும் காயவில்லை.

அடுத்த வியாழக்கிழமைதான் சின்னக்கடை வீதிக்குப் போக முடிந்தது. பிரேம் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"வௌக்கெண்ணெயா? அது ஜென்மத்துக்கும் காயாதேம்மா. யாராவது கை வச்சா அப்படியே வழிச்சுக்கிட்டு வந்துடும். போய்ச் சொல்லிடு."

மறுநாள் ஆடி வெள்ளி. பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்றாம் நம்பரில் ஏறினேன். காவேரிப் பாலத்தில் கூட்டம், கையில் மஞ்சள் குங்குமத் தட்டோடு பெண்கள். வக்கீலிடம் எப்படிச் சொல்வது என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்தேன். 'முகத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் சார்.' அதற்குள் யாரும் தொட்டுவிடக் கூடாது என்பது மட்டும்தான் என் கவலை.

மாடி அறையில் வக்கீல் இருந்தார், அப்பா இருந்தார், நாற்காலியில் ஜமீன் அம்மா. நான் அவரை அன்றுதான் முதல் முதலில் பார்த்தேன். வெளுத்த பட்டு, நிமிர்ந்த முதுகு. மூக்கு அப்படியே ராணியின் மூக்கு. நான் நாற்பது நாள் போட்ட மூக்கு. மடியில் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ். வீடு சரியாகிவிட்டது, படத்தை எடுத்துப்போக வந்திருக்கிறார்.

மேஜை மேல் பழைய தேக்குப் பிரேமில் ராணி சாய்ந்திருந்தாள். சுவரில் அவள் இருந்த இடத்தில் வெறும் தூசிக் கோடு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சரி, ராணி வீட்டுக்குப் போகிறாள் என்று. அப்புறம் வெளிச்சம் முகத்தில் பட்டது. அந்தப் பளபளப்பு என்னுடையது.

பழைய பிரேமுக்குள் இருந்தது என் படம்.

கறையை ஏன் போடச் சொன்னார்கள், விரிசலை ஏன் போடச் சொன்னார்கள், பெயரை ஏன் அழிக்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் நான் கேட்காமலே ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. பதினைந்து வயதில் அவ்வளவு வேகமாக எதுவும் எனக்குப் புரிந்ததில்லை. கணக்கில் நான் வாங்கிய மார்க் உங்களுக்குத்தான் தெரியுமே.

ஜமீன் அம்மா சிமிழைத் திறந்தார். "நல்ல நாளும் அதுவுமா எடுத்துட்டுப் போறோம். ஒரு பொட்டு வச்சுடறேன்" என்று எழுந்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கண்ணால் வேண்டாம் என்றார். தலைகூட அசையவில்லை. ஒரு வார்த்தை போதும், ஈரம் என்று சொன்னால் போதும், அந்தக் கை நின்றிருக்கும். என் வாய் திறக்கவில்லை.

மோதிர விரல் நெற்றி வட்டத்தில் அழுந்தியது. எடுத்தபோது வட்டம் விரலோடு வந்தது. நெற்றி நடுவில் வெள்ளையாக ஒரு குழி.

அவர் விரலைப் பார்த்தார். கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் மூக்குக்குக் கொண்டுபோனார். நம் ஊரில் பிள்ளைகளை வளர்த்த எந்தப் பெண்ணுக்கு அந்த வாசனை தெரியாது?

"என்ன வக்கீல் சார், ராணியம்மாவுக்கு வேர்க்குது?"

"வெள்ளத்துல நனைஞ்சதில்லீங்களா. சுத்தம் பண்ணி எண்ணெய் தடவி வச்சிருக்கோம்" என்றார் வக்கீல். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. கோர்ட்டில் பழகிய குரல்.

ஜமீன் அம்மா அவரை விட்டுவிட்டு என் அப்பாவின் பக்கம் திரும்பினார். "குமாஸ்தா ஐயா, நீங்க சொல்லுங்க. நீங்கதான் எங்க வீட்டுச் சுவத்துலேருந்து எறக்கினீங்க. இது அதானே?"

அப்பாவுக்குப் பொய் வராது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதேதாம்மா," என்றார் அப்பா. "என் கையால எறக்கி, என் கையால வச்சது."

அந்த அம்மா தலையசைத்தார். அப்போதுதான் கதவோரம் நின்ற என்னைக் கவனித்தார். "இது யாரு, உங்க பொண்ணா? நீ எதுக்கும்மா அழறே?"

"கண்ணுல தூசிங்கம்மா," என்றார் அப்பா, நான் வாய் திறப்பதற்குள்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குங்குமத்தை மறுபடி எடுக்காமல் சிமிழை மூடினார். வழக்குக் கட்டு முழுக்க அந்த வக்கீலிடம் இருந்தது. என்ன சொல்ல முடியும் அவரால்? குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் படத்தை வாங்கி, முகத்தில் துணி படாமல், இரண்டு ஓரத்திலும் விரல் நுனியை மட்டும் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஈரமான படத்தைத்தான் அப்படிப் பிடிப்பார்கள். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தே எடுத்துப் போனார்.

மத்தியானம் அப்பா என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார், குடையை முழங்கால்களுக்கு நடுவில் நட்டுக்கொண்டு. ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். மன்னித்துக்கொள் என்று வேண்டாம், வேறு வழியில்லை பாப்பா என்று சொன்னாலே போதும் என்று இருந்தது. பாலம் ஏறும்போது சொன்னார்.

"வௌக்கெண்ணெயா ஊத்தினே? காரியமே கெட்டிருக்கும்."

அது மட்டும்தான் அவருக்குக் கோபம்.

அடுத்த நாள் என் பிரஷ் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிஸ்கட் தகர டப்பா, மூடியில் ரோஜாப்பூ போட்டது. உங்களில் ஒருத்தி பிறந்தநாளுக்குக் கொடுத்ததுதான். "படம் போடற பொண்ணுன்னு வெளில தெரிய வேண்டாம். யாராவது முடிச்சுப் போட்டுப் பாத்தா வம்பு" என்றார். கும்பகோணம் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டார். பிளஸ் டூவில் நீங்கள் எல்லாரும் ரெக்கார்டு நோட்டில் தவளை வரைந்து தரச்சொல்லி என் பின்னால் அலைந்தபோது, கை நடுங்குகிறது என்று சொன்னேனே, ஞாபகம் வருகிறதா? நடுங்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் அப்பாவை முழுதாக வெறுக்கவில்லை. வக்கீல் சொன்னார், அப்பா பயந்து செய்தார். மாதச் சம்பளக்காரர், எதிர்த்துப் பேச முடியுமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவும் அதையேதான் சொன்னார்: "அவுரு என்ன பண்ணுவாரு, சொன்னதைச் செய்யறவரு." அந்த ஒரு சமாதானத்தில் கல்யாணம் ஆகும்வரை அவரோடு ஒரே வீட்டில் சாப்பிட்டேன். என் கல்யாணத்தில் அவர் கையிலிருந்து மாலை வாங்கிக்கொண்டேன். கடைசி மாதங்களில் அவருக்குக் கஞ்சி புகட்டினேன்.

எண்பதுகளின் கடைசியில் அப்பா போனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஆபீஸ் மேஜையில் அப்பாவின் சாமான் சிலது கிடக்கிறது, வந்து எடுத்துப்போ என்று வக்கீல் சொல்லி அனுப்பினார். அவர் அதற்குள் கே.கே. நகரில் புது வீடு கட்டிப் போயிருந்தார். மொசைக் தரை, மீன் தொட்டி, ஹாலில் ஒரு பெரிய சோபா. சோபாவுக்கு மேலே ராணி, புது பிரேமில்.

வக்கீல் உள்ளே பையை எடுக்கப் போயிருந்தார். நான் சோபாவில் முழங்கால் வைத்து ஏறி ராணியின் நெற்றியில் விரலை வைத்தேன். வறண்டிருந்தது. தேய்ந்த வட்டம் அப்படியே இருந்தது, ஆனால் குங்குமம் இல்லை. பத்து வருஷமாக யாரும் பொட்டு வைக்காத நெற்றி.

அவர் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாவின் குடை, கண்ணாடிக் கூடு, ரோஜாப்பூ டப்பா. டப்பாவைத் திறந்தேன். நாலைந்து இழை மட்டும் விட்டு நான் பிளேடால் கழித்த பிரஷ், மற்ற பிரஷ்கள், எல்லாம் கழுவித் துடைத்து, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தது. வீட்டுக்கும் கொண்டுவராமல், தூக்கியும் போடாமல், அவ்வளவு வருஷம் தன் மேஜையில் வைத்திருந்திருக்கிறார்.

எனக்குத் தாங்கவில்லை. "எங்கப்பாவை ஏன் சார் இதுல இழுத்தீங்க? அவர் பாட்டுக்கு இருந்தாரே" என்று கேட்டுவிட்டேன்.

வக்கீலுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். நடிப்பு இல்லை, எனக்கு வித்தியாசம் தெரியும்.

"நானா இழுத்தேன்? படத்தைத் திருப்பிக் குடுக்கணுமேன்னு நான் புலம்பிட்டிருந்தேம்மா. உங்கப்பாதான் வந்து சொன்னார், 'சார், என் பொண்ணு போட்டா எது அசல், எது நகல்னு அந்த அம்மாவுக்கே தெரியாது'ன்னு. சின்னப் பொண்ணாச்சேய்யான்னேன். 'அவ கை அப்படி சார். இந்த ஊர்ல அப்படி ஒரு கை கிடையாது'ன்னார். சொல்லும்போது அவர் முகத்த நீ பாத்திருக்கணும். கறை, விரிசல் எல்லாம்கூட அவர் சொன்னதுதான்."

என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார். அப்பாவை இழந்த பெண்ணிடம் அப்பா அவளை எவ்வளவு உயர்வாகப் பேசினார் என்று சொல்வது வழக்கம்தானே. காபி கொடுத்தார். குடித்தேன்.

பஸ் ஸ்டாப்பில் பையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்கு மூன்று பஸ் போனது. டப்பாவை அங்கேயே பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். எந்தப் பிள்ளை எடுத்துப் போனதோ.

விட்டது ஏன் என்று கேட்டாயே, உனக்குத்தான் இதைச் சொல்கிறேன். 'அவ கை அப்படி' என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் முதல் படத்திலிருந்து போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில், என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். அவர் அதை எங்கே போய், எதற்குச் சொன்னார் பார்.